பெருவீதியும் உழவாரமும்

இறைவனுடைய ஐந்தொழில்களுள் காத்தல் என்பதை எண்ணும்போதெல்லாம் அவதாரங்களும் ஆயுதங்களும் அசுர வதங்களுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால், தோன்றிய பொருள் ஒவ்வொன்றும் தோன்றிய கணத்திலிருந்தே தேயத் தொடங்குகின்ற இவ்வுலகத்தில், ஒரு பொருள் நேற்றிருந்தபடி இன்றும் இருக்கின்றதென்றால், அந்த இருப்பின் பின்னே இடையறாத ஒரு தொழில் நிகழ்ந்துகொண்டே இருக்கின்றது என்பதையும், ஸ்திதி எனப்படுவதன் பெரும்பகுதி அதுவே என்பதையும் நாம் நினைப்பது அரிது. புதிதாக ஒரு கோயிலை எடுப்பித்தவனுடைய பெயரைக் கல்வெட்டுச் சொல்லும். அக்கோயிலின் கூரையில் ஒழுக்கு விழாதபடி வருஷந்தோறும் ஏறி ஓடு மாற்றியவனுடைய பெயரை ஊரார் வாய்கூடச் சொல்வதில்லை. அப்படிப்பட்டவன் செய்த கருமத்துக்குச் சமயத்தில் இடம் உண்டா, உண்டென்றால் அது எந்த இடம், கூலி பெற்றுக்கொண்டு அவன் அதைச் செய்தானானால் அந்த இடம் தாழ்ந்துபோகுமா என்னும் வினாக்களை, நமது வடபுலத்துப் பெருவீதியை முன்வைத்து ஆராய்ந்து பார்க்க விரும்புகின்றேன்.

கண்டியிற் புறப்பட்டு மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு, சாவகச்சேரி என்று வந்து யாழ்ப்பாணத்தில் முடிகின்ற ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் நீளமுடையது. வவுனியாவைக் கடந்தபின் வன்னிக் காட்டினூடே நெடுந்தூரம் தனியே செல்லும் அவ்வீதி, ஆனையிறவில் இருபுறமும் உப்புநீர் பரந்து கிடக்க ஒரு தாம்போதியின்மீது ஏறிக் குடாநாட்டுக்குள் நுழைகின்றது. பௌத்தர் வணங்கும் மிகிந்தலை மலையும், சைவர் வணங்கும் முறிகண்டிப் பிள்ளையாரும் இந்த ஒரே வீதியின் ஓரத்திலேதான் இருக்கின்றன என்பது இலங்கைத் தீவின் சரித்திரத்தைச் சிந்திப்பவர்கள் மறக்கலாகாத செய்தி.

முறிகண்டி மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் உள்ளது. யாழ்ப்பாணத்துச் சாரதிகள் அவ்விடத்தைக் கும்பிடாமற் கடப்பதில்லை. வாகனம் நின்றதும் சாரதி இறங்கிக் கால்முகம் அலம்பி, திருநீறு பூசி, கற்பூரங் கொளுத்தி, தேங்காய் ஒன்றை அடித்து உடைப்பார்; பிரயாணிகள் உண்டியலிற் காசு போட்டுவிட்டு, பக்கத்துக் கடையிற் கச்சான் வாங்கி மடியிற் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். அவர்கள் எல்லாரும் அந்தச் சந்நிதியில் வேண்டுவது ஒன்றே: வழியில் விக்கினம் வாராதிருக்க வேண்டும். வழியில் வரும் விக்கினம் யாது? பெரும்பாலும் அது ஒரு கிடங்கு, அல்லது அடைபட்ட ஒரு மதகு, அல்லது மழையில் அரிப்புண்டு சரிந்த வீதியோரம். பிள்ளையாரிடத்திற் செய்த பிரார்த்தனை நிறைவேறுவது, அங்கிருந்து சில கட்டை தூரம் தள்ளி வெயிலில் மண்வெட்டியோடு நிற்கின்ற ஒருவருடைய கையினாலே என்று எண்ணிப் பார்த்தவர் அவ்வாகனத்தில் எத்தனை பேர் இருப்பர்? கோயிலில் கூப்பிய கை அவரைக் கண்டு உயர்வதில்லை. புழுதி படுமென்று யன்னற் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகின்றோம்.

காத்தல் நின்றுபோனால் என்ன நேரும் என்பதை நூல்களில் தேட வேண்டிய நிலையில் எங்கள் கடற்கரையூராகிய மயிலிட்டியைச் சேர்ந்தவர்கள் இல்லை. 1990ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் திகதி யுத்தத்தினால் எங்கள் ஊர் முழுவதும் எழுந்து போயிற்று. அதுவரை எங்கள் துறையில் இறங்கிய மீனை ஐஸ் போட்டுப் பெட்டிகளில் அடைத்து லொறிகளில் ஏற்றித் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தோம். ஐஸ் கரையுமுன் சந்தைக்குப் போய்ச் சேருவதற்கு வேண்டியது வீதி ஒன்றே என்பதால், கடலில் வாழ்கின்ற எங்களுக்கும் வீதி ஜீவாதாரமாயிருந்தது. 2017ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி துறைமுகமும் அதைச் சூழ்ந்த சிறு நிலப்பகுதியும் இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, இடிந்த வீடுகளைக் காண்போம் என்னும் எண்ணத்தோடுதான் சனங்கள் உள்ளே போனார்கள். இடிந்த வீடுகளைக் கண்டார்கள். ஆயின் அவர்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. குண்டு படாத ஒழுங்கைகளும் அங்கே இல்லை. இருபத்தேழு வருஷம் ஒருவரும் புல்லுச் செருக்காமலும், வாய்க்கால் வெட்டாமலும், முளைத்த கன்றைப் பிடுங்காமலும் விட்ட காரணத்தினால், எந்த ஒழுங்கை எங்கே திரும்பியது என்று பிறந்து வளர்ந்தவர்களே கிணற்றுக்கட்டையும் மதிற்றுண்டையும் அடையாளம் பிடித்துத்தான் நிச்சயிக்க வேண்டியிருந்தது. தார் ஒட்டியிருந்த ஒரு துண்டைக் காலாற் தள்ளிப் பார்த்தேன். அதன் கீழே கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வேர்கள் மீன்வலையின் கண்கள்போல நெருங்கிப் பின்னியிருந்தன. ஆலங்கன்று ஒன்று அந்த வலையின் நடுவிலிருந்து எழுந்து என் தலைக்கு மேலே நின்றது. அழிப்பதற்குப் படை வேண்டியதில்லை, காப்பவன் விலகியிருந்தாற் போதும் என்பதை அன்று பிரத்தியட்சமாகக் கண்டேன்.

வீதிக்கு முதற் சத்துரு வாகனத்தின் பாரம் என்று பலரும் எண்ணுவர். பழகிய ஓவசியர் ஒருவரைக் கேட்டால், தண்ணீர் என்று சொல்லுவார். வீதியின் நடு சற்று உயர்ந்தும் இருமருங்கும் சற்றே தாழ்ந்தும் இருப்பது, விழுந்த மழைநீர் நிற்காமல் ஓடி வாய்க்காலிற் சேரும்பொருட்டு. வாய்க்காலிற் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டாலோ, மதகின் வாய் தூர்ந்துபோனாலோ, நீர் திரும்பி வீதியோரத்தில் தேங்கும். தேங்கிய நீர் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பினூடே கீழே இறங்கும். கீழுள்ள மண் இளகும். அதன்மேற் சில்லு ஏறும்போது வெடிப்பு நாலாகும், நாலு நாற்பதாகும், பின்னர் ஒரு நாள் அவ்விடம் கிடங்காகும். ஐப்பசி கார்த்திகை மாரியில் ஊறிப் பருத்தும், சித்திரை வெயிலிற் காய்ந்து சுருங்கியும் போகின்ற வன்னிக் களிநிலத்தில் இந்தக் கேடு இன்னும் விரைந்து நடக்கின்றது. பரிகாரமும் எளியதன்று. கிடங்கின் விளிம்பைச் சதுரமாக வெட்டி, உள்ளே கிடக்கும் சேற்றையும் இளகிய கல்லையும் அள்ளி, உலரவிட்டு, தும்புத்தடியாற் தூசு போகக் கூட்டி, அடியிலும் பக்கத்திலும் தாரைப் பூசி, தார் கலந்த சல்லியை இட்டு, வீதியின் மட்டத்துக்கு வரும்வரையும் இடித்து இறுக்க வேண்டும். உலரவிடாமலோ கூட்டாமலோ மேலே சல்லியைக் கொட்டிவிட்டுப் போனவனுடைய வேலை அடுத்த மாரிக்கு நில்லாது. எல்லாவற்றையும் முறைப்படி செய்தவனுடைய வேலையோ, செய்த இடமே தெரியாதபடி மறைந்துவிடும். சில்லு அதன்மேல் ஏறி இறங்கும். உள்ளேயிருப்பவர் உறக்கம் கலையார். பிழையாகச் செய்தவனை உலகம் நினைக்கின்றது, சரியாகச் செய்தவனை மறக்கின்றது. இப்படிப்பட்ட தொழில்கள் உலகத்தில் மிகச் சில.

இது நமது நாட்டுக்கு மாத்திரம் உரிய கதையன்று. அமெரிக்காவின் வடகோடியிலுள்ள அலாஸ்காவுக்கு, கனடா தேசத்துக் காடுகளினூடே, சுமார் 2,700 கிலோமீற்றர் நீளமான ஒரு வீதியை 1942ஆம் ஆண்டிலே ஏறக்குறைய எட்டு மாதத்திற் போட்டு முடித்தார்கள். அது யுத்தகாலத்தின் ஒரு மகா சாதனை என்று புகழப்பட்டது. ஆனால், அங்குள்ள நிலம் அடியில் நெடுங்காலமாக உறைந்து கிடப்பது. மேலிருந்த பாசியை வழித்து வீதி போட்டபோது உறைவு நெகிழ்ந்து நிலம் சேறாகி வீதியை விழுங்கிற்று. எட்டு மாதத்திற் செய்ததை எண்பது வருஷத்துக்கு மேலாக, வேனில் வந்தபோதெல்லாம், செப்பனிட்டுக்கொண்டே இருக்கின்றார்கள். அங்கே பனி, இங்கே மாரி, மற்றெல்லாம் ஒன்றே. நம் வீதியும் யுத்தத்தினால் மூடப்பட்டு, 2002 ஏப்ரலிற் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் யுத்தம் முடிந்தபின் சீன தேசத்துக் கடனுதவியோடு புதுக்கப்பட்டது. திறந்த நாட்களையும் மூடிய நாட்களையும் சரித்திரம் எழுதிவைத்திருக்கின்றது. இடைப்பட்ட நாட்களில் வாய்க்கால் வெட்டியவர்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

இந்த இடத்திலேதான் சமய வினா எழுகின்றது. முடிவு என்பதே இல்லாத ஒரு கருமம் ஆன்மாவுக்கு என்ன பயன் தரும்? கோயில் கட்டுபவனுக்குக் கும்பாபிஷேகம் என்று ஒரு நாள் உண்டு. வீதி செப்பனிடுபவனுக்கு அப்படி ஒரு நாள் வருவதேயில்லை. பலனை விரும்பாது கருமத்தைச் செய்க என்று கீதை உபதேசிக்கின்றது. பலன் கண்முன்னே பழுத்துத் தொங்கும்போது அதை விரும்பாதிருப்பது பெரிய துறவு; பலன் தோன்றிய அக்கணமே மறைந்துபோகின்ற தொழிலில் நாற்பது வருஷம் நிலைத்திருப்பது அதனினும் சிறிய துறவாகுமா? ஆகாது என்பதே என் துணிபு. அத்துணிபுக்கு ஆதாரம் தேடி நான் வேற்று நாட்டுத் தத்துவங்களிடம் போகவில்லை. அப்பர் சுவாமிகள் எனப்படும் திருநாவுக்கரசரிடம் போகின்றேன்.

சமயகுரவர் நால்வருள் அப்பர் சுவாமிகளுடைய திருக்கரத்தில் மாத்திரம் உடலுழைப்புக்குரிய ஒரு கருவியைச் சிற்பிகள் அமைத்திருக்கின்றனர். அது உழவாரம்: கோயிற் பிராகாரத்திலே முளைக்கும் புல்லைச் செருக்குவதற்கு உரிய கருவி. தேவாரம் பாடிய வாக்கரசர், அரசனையே வழிப்படுத்திய அருளாளர், எண்பது வயதுவரை ஊர் ஊராக நடந்து செய்த வேலை புல்லுச் செருக்குவது. புல்லோ அடுத்த மழையில் மறுபடியும் முளைக்கும். அதை அவர் அறியாரா? அறிந்தே செய்தார். திருப்புகலூரில் அவர் செருக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்தனவென்றும், அவற்றைப் பருக்கைக் கல்லோடு சேர்த்து உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தாரென்றும் பெரியபுராணம் கூறுகின்றது. அந்த வரலாற்றை அவருடைய ஆசையின்மைக்குச் சான்றாக எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். நான் அதில் இன்னொன்றையும் காண்கின்றேன்: நிலம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை, நடப்பவர் காலிற் குத்துவது மணியாயிருந்தாலென்ன, கல்லாயிருந்தாலென்ன?

கூலி பெற்றுச் செய்வது எப்படித் தொண்டாகும் என்று கேட்பவர்களுக்கும் அப்பர் வரலாறே விடை தருகின்றது. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்த காலத்தில், அடியார்களுக்கு அமுதளிக்கும்பொருட்டு இறைவன் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் படிக்காசு அளித்தான். சம்பந்தருக்குக் கிடைத்த காசை மாற்றும்போது வாசி என்னும் கழிவு கேட்டார்கள். அப்பருக்குக் கிடைத்த காசு வாசியின்றி முழு மதிப்புக்குச் சென்றது. காரணம் என்னவென்று சேக்கிழார் காட்டுகின்றார்: அப்பர் கைத்தொண்டு செய்பவர். ஞானப்பாலுண்ட சம்பந்தப் பிள்ளையாருடைய காசினும், உடல் வருந்திப் புல்லுச் செருக்கியவருடைய காசுக்குத் தரம் கூடுதலாயிருந்தது என்னும் இச்செய்தியைப் புராண படனத்திற் கேட்டுத் தலையசைத்துவிட்டு எழுந்து போகின்றோம். அதன் பொருளை நின்று யோசித்தால், உழைத்த சரீரத்துக்குக் கொடுக்கும் ஊதியம் தொண்டின் தூய்மையைக் கெடுக்கவில்லை என்பதும், கொடுக்கின்றவன் இறைவனேயாயினும் அதைக் குறையின்றிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கின்றான் என்பதும் விளங்கும்.

இதற்குச் சித்தாந்த சாத்திரம் கற்றோர் ஓர் ஆட்சேபம் எழுப்புவர். சிவனை நினைந்து செய்வது சிவபுண்ணியம். அந்த நினைவின்றிச் செய்யும் நன்மையெல்லாம் பசுபுண்ணியம். அது போகத்தைத் தந்து கழிந்துபோகுமேயன்றி வீட்டுக்கு ஏதுவாகாது. வீதியிற் கல்லுப் போடுபவர் அன்றைய அரிசியை நினைக்கின்றாரேயன்றிச் சிவனை நினைக்கின்றாரோ? ஆட்சேபம் கனமானது; அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயின் அதே சாத்திர மரபு அபுத்திபூர்வம் என்று, அறியாமலே செய்யப்பட்ட சிவபுண்ணியம் ஒன்றையும் ஒப்புக்கொள்கின்றது. எங்கள் துறையிலிருந்து வடக்கே கடலைக் கடந்தாற் கோடியக்கரை; அதை அடுத்தது திருமறைக்காடு. அந்தக் கோயிலிலே நெய்யுண்ண வந்த எலி ஒன்றின் மூக்குத் திரியிற் பட்டு, அணையப்போன விளக்குத் தூண்டப்பெற்றுப் பிரகாசித்ததனால், அவ்வெலி மறுபிறப்பில் மகாபலிச் சக்கரவர்த்தியாயிற்று என்பது பிரசித்தமான வரலாறு. எலி கோயிலைக் கட்டவில்லை, விளக்கை ஏற்றவுமில்லை. எரிந்துகொண்டிருந்த ஒன்று அணையாமலிருக்கச் செய்தது. காத்தலின் மிகச் சிறிய, மிகவும் தற்செயலான ஒரு கூறு அது. அதற்கே சிவபெருமான் ஒரு சாம்ராச்சியத்தைக் கொடுத்தாரென்று நம்புகின்ற நாம், செல்வச்சந்நிதிக்கும் நல்லூருக்கும் கதிர்காமத்துக்கும் போகின்ற இலட்சோபலட்சம் அடியார்களுடைய பாதை கெடாமற் காக்கின்றவருக்கு அரிசி மட்டும்தான் பலன் என்று எந்த நியாயத்தாற் சொல்லுவோம்? அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனென்றே தொழுக என்பது சிவஞானபோதத்தின் முடிந்த முடிபு. அரனாகிய அடியார் நடந்து போகும் வீதி ஆலயத்தின் வெளிப்பிராகாரமே.

கட்டாயத்தினால் வாங்கும் வேலையை இந்தக் கணக்கிற் சேர்க்க முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1848ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் இத்தீவில் ஒரு வீதிச் சட்டம் கொண்டுவந்து, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் வருஷத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், இயலாதவர் பணங் கட்ட வேண்டும் என்று விதித்தது. உலகைத் துறந்த பிக்குகளும் அதற்கு உட்பட்டார்கள். மண்ணைத் தோண்டுவது பிக்குவுக்கு விநயத்தில் விலக்கப்பட்ட செயல். மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் மடியும் என்பது அவர்களுடைய அச்சம். அவ்வருஷத்துக் கண்டிக் கலகத்துக்கு அச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. பின்னர் பிக்குகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு சமயத்தின் துறவி மண்வெட்டியைத் தொடலாகாது என்கின்றார். இன்னொரு சமயத்தின் துறவி உழவாரத்தை வாழ்நாளெல்லாம் விடவில்லை. இரண்டும் கருணையின் பாற்பட்டவை என்றே கருதுகின்றேன். ஆனால், சர்க்கார் அதிகாரி எவரும் தண்டத்தைக் காட்டி இவ்விரண்டில் எதையும் உண்டாக்க முடியாது.

யாழ்ப்பாணத்தார் வழிப்போக்கருக்கு அறஞ்செய்யாதவர்கள் அல்லர். சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல், கேணி, மடம் என்று வீதியோரமெல்லாம் நம் முன்னோர் நாட்டி வைத்தார்கள். பருத்தித்துறையில் வீதியையே கூரையால் மூடி நிற்கின்ற தெருமூடி மடம் இன்றும் உள்ளது. ஆயினும் நூல்கள் எண்ணி வைத்த முப்பத்திரண்டு அறங்களுள் தண்ணீர்ப்பந்தலும் மடமும் குளமும் சோலையும் ஆவுரிஞ்சு தறியும் இருக்க, வழியைச் செப்பனிடுதல் என்று ஒன்று காணப்படவில்லை. வழிப்போக்கன் நிற்கும் இடத்துக்கு அறம் செய்தோம். அவன் நடக்கும் இடத்தை அரசனிடம் விட்டுவிட்டோம். அந்தப் பழக்கத்தின் மிச்சமே, வீதி வேலை என்றாற் சமயத்துக்குப் புறம்பான வேலை என்று இன்றும் நாம் எண்ணுவது.

அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள ஏ-9 வீதியிலுள்ள முகமாலையைப் பார்த்தாற் போதும். அங்கே யுத்தம் ஓய்ந்தபின் மிதிவெடி அகற்றும் வேலைக்கு நமது பெண்கள் பலர் போனார்கள். ஏ-9 வீதியின் தாரைவிட்டு ஓரடி இறங்கினாலும் ஆபத்து என்று மண்டையோட்டுப் படம் வரைந்த சிவப்புப் பலகைகள் நின்ற காலம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். முகக்கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, சிறு வாரியொன்றால் மண்ணை விரற்கடை விரற்கடையாக வாரி வாரிப் பார்த்து, ஒரு நாளைக்குச் சில அடி நிலத்தை மட்டும் மனிதர் காலுக்கு மீட்டுக் கொடுத்தார்கள். சம்பளத்துக்குத்தான் செய்தார்கள், அவர்களுட் குடும்பத்தைத் தனியே தாங்குகின்றவர்கள் பலர். உழவாரத்தின் பரம்பரையில் அவர்களை வைத்து எண்ணாவிட்டால், நாம் அப்பரைக் கும்பிடுவது எதற்காக?

ஆகையால் கோயில் தர்மகர்த்தாக்களிடமும் அடியார்களிடமும் எனக்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. சித்திரைச் சதயத்தில் அப்பர் சுவாமிகளுடைய குருபூசையைச் செய்கின்றோம். அன்று வீதித் தொழிலாளரையும் மிதிவெடி அகற்றிய பெண்களையும் சபைக்கு அழைத்து, பெரியவர்களுக்குக் கொடுக்கும் காளாஞ்சியை முதலில் அவர்கள் கையிற் கொடுங்கள். உழவாரப்பணி என்று கோயில் மதிலுக்குள்ளே செய்வதை மதிலோடு நிறுத்தாமல், ஐப்பசி பிறக்குமுன் ஒரு நாள், கோயிலிலிருந்து பெருவீதிவரையுள்ள வாய்க்காலையும் மதகையும் தூர் வாருங்கள். அதிகாரத்திலும் ஒப்பந்தத்திலும் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தாற்காலிகம் என்றும் நாட்கூலி என்றும் பெயரிட்டு அந்தத் தொழிலாளருடைய ஊதியத்திற் பிடிப்பதும் பிந்துவதும் வீழிமிழலை இறைவன் அப்பருக்குச் செய்யாத காரியம். அவர்களுடைய காசை வாசியில்லாமற் கொடுங்கள்.